ஏகாதசி போனஸ்

"செத்துப்போன ஆளு சண்டை போடுவாரா மேடம்?"

ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே கழுத்தைப் பின்னால் திருப்பிக் கேட்டான் பிரவீன்ராஜ். பாலக்கரைக் கூட்டத்தில் அப்படித் திருப்பினால் கேட்டவனே செத்துப்போகலாம்.

"ரோட்டைப் பாரு," என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த யமுனா.

"பாத்துட்டுத்தான் இருக்கேன். இந்த அறிவுமதி போய்ச் சேர்ந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்கறாங்க. ஆனா தினமும் படையை நகர்த்தறாரு, நக்கல் அடிக்கறாரு. உசுரோட இருக்கற எங்க வார்டு கவுன்சிலர் ஒரு தெரு விளக்கைக்கூட நகர்த்த மாட்டேங்கறாரு."

யமுனா சிரிக்கவில்லை. அவன் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

சத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் தொங்கும் துப்பறியும் நிலையத்துப் போர்டுக்குச் சொந்தக்காரி இந்த யமுனாதான். வயது நாற்பத்து நான்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், காலையில் வாக்கிங் போன கணவன் வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. துக்கமும் வருவதில்லை, சந்தோஷமும் வருவதில்லை. வேலை மட்டும் சுத்தமாக நடக்கிறது. மேடத்தை ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று பிரவீன்ராஜும் வாயை ஓயவிடாமல் இருக்கிறான். பாவம், இன்னும் நடக்கவில்லை.

முந்தின நாள் மாலை அந்த மாடிக்கு வந்தவள்தான் வள்ளிக்கண்ணு. திருவெறும்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்க்கா. தாலியைக் கழட்டணுமா, வேணாமா?"

குரலில் அழுகை இல்லை. ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அந்தக் குரலை யமுனாவுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கும் அதே குரல்தான்.

வள்ளிக்கண்ணுவின் புருஷன் அறிவுமதி ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து கிளம்பியவன் வீடு வந்து சேரவில்லை. மறுநாள் கொள்ளிடக் கரையில் அவன் பைக்கும் செருப்பும் கிடைத்தன. மேலே தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்த சமயம். தீயணைப்புக்காரர்கள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. மாமியார் வீட்டில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாளை மறுநாள் காரியம் என்று நாள் குறித்துவிட்டார்கள்.

"ஆனா இதைப் பாருங்க," என்று டேப்லெட்டைத் தள்ளினாள்.

மும்முனை என்று ஒரு விளையாட்டு. பழைய உலக யுத்த காலத்து வரைபடம், அதில் கட்டம் கட்டமாக டாங்கிகள், கப்பல்கள், துறைமுகங்கள். மூன்று பேர் ஆடுவது. ஒருவர் பின் ஒருவராகத் தினமும் ஆளுக்கு ஒரு நகர்த்தல். நேரத்துக்குள் நகர்த்தாவிட்டால் முறை போய்விடும். தொடர்ந்து போனால் பலகையே மூடிவிடும். ஓரத்தில் மூவரும் பேசிக்கொள்ள ஒரு இடம். அறிவுமதியின் பெயர் அதில் கிழட்டுப்புலி. மற்ற இருவர் பிரிகேடியர், அடியேன்.

கிழட்டுப்புலி அன்றுகூட ஆடியிருந்தது.

"இது வீட்லயே கிடக்கும். அவர் போன்லயும் ஆடுவாரு, இதுலயும் ஆடுவாரு. நான் தொட்டதில்லக்கா, அவர் ஆட்டம். தினமும் திறந்து பார்ப்பேன். புலி நகர்ந்திருந்தா அன்னிக்குச் சோறு இறங்கும்," என்றாள் வள்ளிக்கண்ணு. "மாமியார்கிட்ட சொன்னா பைத்தியம்ங்கறாங்க. நீங்க விசாரிச்சுச் சொல்லுங்க. இருக்காருன்னா காரியத்தை நிறுத்தணும். இல்லைன்னா இதைக் கழட்டணும்."

அவள் போனபின் யமுனா அந்தப் பலகையின் பழைய பேச்சுகளைப் படித்தாள். இரண்டு வருஷத்து அரட்டை. சண்டை என்னவோ உலக யுத்தம். பேச்சு முழுக்கத் திருச்சிதான்.

அடியேன் என்பவர் ஸ்ரீரங்கத்துக்காரர். ஏகாதசி வந்தால் யுத்தம் கிடையாது. "இன்று ஏகாதசி. அடியேன் சேனை உபவாசம்" என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். உடனே புலி பாயும்.

"சாமி ஆளுங்க பட்டினி. என் டாங்கி ஃபுல் மீல்ஸ் கட்டிட்டு வருது. தெற்குத் துறைமுகம் எனக்கு. ஏகாதசி போனஸ்!"

"தேவரீர் டாங்கிக்கு அஜீர்ணம் உண்டாகட்டும். நாளை விரதம் முடித்து அடியேன் பாரணை அந்தத் துறைமுகத்தில்தான்."

"முப்பது நோன்பும் வெச்சுக்கிட்டே குண்டு போட்டவன்யா நான்," என்பார் பிரிகேடியர். "ஒரு நாளைக்கு இவ்ளோ சீனா?"

ஒரு ஏகாதசிகூடப் புலி விட்டதில்லை. ஆனால் அறிவுமதி காணாமல் போனபின் வந்த ஏகாதசிகளில், அன்றையது உட்பட, புலி பாயவில்லை. "சாமி விரதம். நான் காவல் மட்டும்" என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"உசுரோட இருக்கற புலி போனஸை விடாது," என்று யமுனா பிரவீன்ராஜிடம் சொன்னாள். "ஆடறது வேற ஆளு."

அந்த ஆள் யார் என்று பார்க்கத்தான் இன்று காலை இந்தப் பாலக்கரைப் பயணம்.

பிரிகேடியரைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையாக இல்லை. மனுஷன் அரட்டைக்கு நடுவே தன் வியாபாரத்தையும் பார்த்திருந்தார்: "உங்க டாங்கியை எரிச்சது போதும், வீட்டு மோட்டார் எரிஞ்சா பாலக்கரைக்கு வாங்க." மோட்டார் ரீவைண்டிங் கடை. உள்ளே செப்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே முஜிபுர் ரஹ்மான் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, தாடியில் பாதி வெள்ளை. அரட்டையில் அந்த வாய் அடிக்கிறவர் நேரில் எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாதவராக இருந்தார்.

"உக்காருங்க சிஸ்டர். தம்பி, அந்த ஸ்டூலை இழுத்துக்கங்க."

யமுனா தன்னை அறிமுகம் செய்துகொண்டு, அறிவுமதியை வீட்டில் தேடுகிறார்கள் என்றாள். டேப்லெட் பையிலேயே இருந்தது.

"புலியா? தினமும் ஆடிக்கிட்டுத்தானே இருக்காரு," என்றார் பாய். "எங்கயாவது நல்லாத்தான் இருப்பாரு."

"நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க. எல்லாம் போன்லதான்."

பேசிக்கொண்டே எழுந்து, பின்சுவரில் அரிசி மண்டிக்காரர் கொடுத்த தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தார். புதுத் தாளின் பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"என்ன பாய், எந்த ராசிக்குப் பண வரவுன்னு பாக்கறீங்களா?" என்றான் பிரவீன்ராஜ்.

"சாமி விரதம் என்னிக்குன்னு பாத்து வெச்சுக்கறது தம்பி. கலாய்க்கணும்ல." சொன்னவர் முகத்தில் கலாய்ப்பு எதுவும் இல்லை.

மேஜைமேல் கிடந்த போனைப் பிரவீன்ராஜ் எட்டிப் பார்த்தான். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. "புதுசா பாய்? ட்ரீட் உண்டா?"

"பழசு தண்ணில விழுந்துடுச்சு," என்றார் பாய். போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் பிரவீன்ராஜ் ஸ்கூட்டரை உதைத்தான். "வாயைத் திறந்தா மூடாத ஆளுன்னு நெனச்சேன். எனக்கு அண்ணனா இருப்பாருன்னு ஆசையா வந்தேன் மேடம்."

"ஸ்ரீரங்கம் போ," என்றாள் யமுனா. "ஏகாதசியில புலி பாயலைன்னா, பாய விடாம ஏதோ ஒரு மனசாட்சி தடுக்குது. விரதம் இருக்கறவருக்குத்தான் அந்த மனசாட்சி வரும். அடியேன்தான் புலிக்கும் சேர்த்து ஆடறாரு."

"அட்ரஸ்?"

"மூக்கு இருக்குல்ல?"

அடியேன் ஒரு தடவை புலம்பியிருந்தார்: "கீழே காப்பிப்பொடி அரைக்கிறான். ஏகாதசியில் இந்த வாசனைக்கு நடுவே மாடியில் குடியிருப்பது சித்திரை வீதியில் அடியேன் ஒருவன்தான்."

காவிரிப் பாலம் தாண்டி, ராஜகோபுரத்துக்குள் நுழைந்து, ஆட்டோக்களையும் மாடுகளையும் சமாதானப்படுத்திக்கொண்டு சித்திரை வீதிகளைச் சுற்றினார்கள். இரண்டாவது வீதி திரும்பும்போதே பிரவீன்ராஜ் மூக்கை உயர்த்தினான். "மேடம், நல்ல பீபெரி. சிக்கரி கம்மி."

மெஷின் கடகடத்துக்கொண்டிருந்த கடைக்குப் பக்கத்தில் மாடிப்படி. மேலே கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றி நிறையத் திருமண். வலது தோளில் காய்ப்பு ஏறி மேடு தட்டியிருந்தது. பெருமாள் புறப்பாட்டில் பல்லக்குக்குத் தோள் கொடுக்கிற குடும்பம் என்று கீழேயே காப்பிக்கடைக்காரர் சொல்லியிருந்தார். பெயர் அழகியமணவாளன்.

"உள்ளே வாங்கோ. ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்க முடியலை, தப்பா நெனச்சுக்கப்படாது. இன்னிக்கு ஏகாதசி, ஆத்துல அடுப்பு மூட்டலை."

யமுனா உட்காரப் போனவள் அப்படியே நின்றாள்.

"ஏகாதசி நேத்துதானே?"

"கிழிக்கற காலண்டர்ல நேத்துன்னுதான் போட்டிருப்பா. விடியறதுக்கு முன்னே தசமி துளி ஒட்டிண்டிருந்தாலும் எங்களுக்கு அது ஏகாதசி ஆகாது. மறுநாள்தான். இன்னிக்குத்தான் பெரிய பெருமாள் சந்நிதியிலேயும்."

யமுனா பையிலிருந்து டேப்லெட்டை எடுத்துக் காட்டினாள். நேற்றைய பேச்சில், "இன்று ஏகாதசி. அடியேன் சேனை உபவாசம்." இன்று காலை, அதே அடியேன் பிரிகேடியரின் கப்பல் ஒன்றை மூழ்கடித்திருந்தார்.

அழகியமணவாளன் படித்தார். "ரங்கா! ஏகாதசியும் அதுவுமா கப்பலையா?" என்றார். பிறகு, "அடியேன் இதுல கை வெச்சு ஆடி மாசத்துலேர்ந்து ஆச்சு," என்றார்.

"என்னது?" என்றான் பிரவீன்ராஜ்.

"தோப்பனார் ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார். வருஷ ஆப்திகம் முடியறவரைக்கும் விளையாட்டு, வேடிக்கை ஒண்ணும் வேண்டாம்னு அந்த ஆட்டத்தையே ஒதுக்கி வெச்சுட்டேன். ஆனா ஒருத்தன் விலகினா பலகை மூடிடும். மத்தவா ரெண்டு பேருக்கும் ஆட்டம் போயிடும். அதனால பாய்கிட்ட காவல் கொடுத்துட்டேன்."

"காவல்னா?"

"எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. புலிக்கு ஷிஃப்ட், எனக்கு உற்சவம், பாய்க்குக் கடை. யாருக்கு முடியலையோ, அவா ஸ்தானத்துல இன்னொருத்தர் ஆடணும். பாஸ்வேர்டெல்லாம் மூணு பேர்கிட்டயும் இருக்கும். எதிராளிக்காக ஆடறச்சே நேர்மையா ஆடணும், தன்னையே அடிக்க வேண்டி வந்தாலும் அடிக்கணும். பேச்சும் அவா மாதிரியே பேசணும். அடியேன் மாதிரி பாய் பேசினா எங்காத்துலயே வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டா." முதல்முறையாகச் சிரித்தார். "புலி சௌக்கியமா? ஆத்துப் பேரெல்லாம் தெரியாது, புலின்னேதான் பழக்கம். கடைசியா ரெண்டு பேரும் கொள்ளிடக் கரையில சந்திக்கப் போறதாச் சொன்னா. இத்தனை வருஷம் சண்டை போட்டுண்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்ததில்லையே, வாங்கோன்னு அடியேனையும் கூப்பிட்டா. துக்கத்துல இருக்கறவன், நான் போகலை."

யமுனா சொன்னாள். பைக், செருப்பு, காரியம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, ஆனால் முகத்திலிருந்து இறங்கவில்லை. தோள் காய்ப்பைத் தடவிக்கொண்டு, "ஆத்துக்காரிக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார்.

படி இறங்கும்போது பிரவீன்ராஜ் கிசுகிசுத்தான். "மேடம், அப்ப ரெண்டும் பாய்தானா?"

"மூணும் பாய்தான். தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, தன் கப்பலைத் தானே மூழ்கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. சாமியா இருந்தா இன்னிக்குக் கப்பலைத் தொட்டிருக்க மாட்டாரு. ஏகாதசியைக் காலண்டர் தாள்ல தெரிஞ்சுக்கற ஆளுக்குத்தான் இந்தத் தப்பு வரும். நேர்ல பாத்ததே இல்லைன்னு பொய் சொன்னதும் அவருதான்."

தன் முதல் கணக்கு தப்பிப்போனதில் அவளுக்கு வெட்கமும் இல்லை. சரியான ஆளைப் பிடித்ததில் மகிழ்ச்சியும் இல்லை.

பாலக்கரைக்குத் திரும்பியபோது முஜிபுர் ரஹ்மான் அதே இடத்தில் உட்கார்ந்து அதே கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சாமியைப் பாத்துட்டு வரோம் பாய்," என்றாள் யமுனா. "இன்னிக்கு ஏகாதசி. வீட்ல அடுப்பு மூட்டல."

பாயின் கை நின்றது. தலை தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. "காலண்டர்ல நேத்துதானே போட்டிருந்தான்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"சாமிக்கு இன்னிக்குத்தான்," என்றாள் யமுனா. "போன் எந்தத் தண்ணில விழுந்துச்சு பாய்?"

அவர் மறுக்கவில்லை. ஒரு மாதமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"கொள்ளிடத்துல அன்னிக்குச் சாயங்காலம் முட்டிக்கால் தண்ணிதான் சிஸ்டர். நடுவுல ஒரு மணல் திட்டு. அதுல போய் உக்காந்தோம். முதல் தடவையா மூஞ்சியைப் பாக்கறோம். நீங்க இவ்ளோ குள்ளமா பாய்ன்னு கேட்டு ஒரே சிரிப்பு. மேல தண்ணி திறந்தது எங்களுக்குத் தெரியாது. சத்தம் கேட்டு எந்திரிச்சு ஓடினோம். கரை ஏறிட்டோம். ரெண்டு பேருமே ஏறிட்டோம், அல்லா மேல சத்தியமா."

பிரவீன்ராஜ் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"போன் திட்டுலயே இருக்குன்னு நான்தான் கத்தினேன். ஆட்டத்தைத் திறந்து வெச்சிருந்தேன், என் முறை. அவன் சிரிச்சுக்கிட்டே இறங்கிட்டான். 'இருங்க பாய், உங்க டர்ன் போயிடும்'னு சொல்லிட்டு இறங்கினான். தலை ஒரு தடவை தெரிஞ்சுது. அப்புறம் தெரியல. எனக்கு நீச்சல் வராது."



"ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றாள் யமுனா.

"என்னன்னு சொல்ல? ஒரு போனுக்காகப் போயிட்டான்னு ஒரு பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? போலீஸ்ல, கூட இருந்தவன் நீ மட்டும் எப்படி வந்தேன்னு கேப்பாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் புது போன் வாங்கப் போய் நின்னேன். திறந்தா அவன் முறை நிக்குது. முறை போயிடுமேன்னு ஆடிட்டேன். காவல்தானே, எப்பவும் செய்யறதுதானேன்னு. அப்புறம் நிறுத்த முடியல. நிறுத்தினா நான் பாத்தது நெசமாயிடும்." கம்பியை விரலில் சுற்றி அவிழ்த்தார். "பசி வரல. அழுகை வரல. இது மட்டும்தான் வருது."

அந்தப் பேச்சு யமுனாவுக்குப் புதிதல்ல. அவளும் இரண்டு வருஷமாக வேலை என்ற பெயரில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

"போனஸ் மட்டும் ஏன் எடுக்கல?"

"அது அவன் சொத்து சிஸ்டர். கை வரல."

யமுனா டேப்லெட்டை மேஜைமேல் வைத்தாள். "இது அவர் வீட்ல இருந்தது. வள்ளிக்கண்ணு தினமும் இதைத் திறந்து பாக்குது. புலி நகர்ந்திருந்தா புருஷன் இருக்கான்னு நெனச்சுக்குது. நீங்க ஆடற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது தாலியைக் கண்ணுல ஒத்திக்கிட்டு இருக்கு. நாளைக்குக் காரியம்."

பாய் டேப்லெட்டைப் பார்த்தார். தொடவில்லை. "யா அல்லா," என்றார். "அது பாக்குதா?"

"ஸ்டேஷனுக்கு நானும் கூட வரேன். நாளைக்குப் போவோம். இப்ப அந்தப் பொண்ணுகிட்ட நான் போய்ச் சொல்றேன்."

திருவெறும்பூர் வீட்டு வாசலில் சாமியானாக் கம்பங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெரிய அண்டாக்கள் உருளும் சத்தம். வள்ளிக்கண்ணு அவர்களைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். உட்காரச் சொல்லக்கூட இல்லை.

இந்த இடத்தில் சுற்றி வளைக்கக் கூடாது என்று யமுனாவுக்குத் தெரியும். அவள் விஷயத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அரை நாள் சுற்றி வளைத்தார்கள்.

"கழட்டணும், வள்ளிக்கண்ணு."

அவள் தலையை ஆட்டினாள். "அப்ப ஆடறது யாரு?"

யமுனா எல்லாவற்றையும் சொன்னாள். மணல் திட்டு, சத்தம், போன், கடைசியாகச் சொன்ன வார்த்தை எதையும் விடவில்லை. வள்ளிக்கண்ணு சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்.

"போனை எடுக்கவா திரும்பிப் போனாரு?"

"ஆமா."

"கேஸ் தீந்துபோச்சு, ஒரு ஃபோன் பண்ணுங்கன்னா நாலு நாள் ஆகும். ஊரான் போனுக்குத் தண்ணில இறங்கியிருக்காரு." கோபமாகத்தான் சொல்லப் பார்த்தாள். கோபமும் வரவில்லை. "அவர்தான்க்கா. இதைக் கேட்டா அவர் மாதிரிதான் இருக்கு. ஏகாதசியில சும்மா படுத்துக்கிட்டப்பவே எனக்கு மனசுல ஒரு மாதிரி இருந்துச்சு. நான்தான் ஒத்துக்கல."

வாசலில் யாரோ கம்பத்தைப் போட்டார்கள். மாமியார் யாரையோ அதட்டும் குரல் கேட்டது.

"சாமிக்கு இன்னிக்குத்தான் ஏகாதசின்னீங்களா?"

"ஆமா."

வள்ளிக்கண்ணு டேப்லெட்டுக்காகக் கையை நீட்டினாள். திறந்தாள். அடியேன் ஆடியாகிவிட்டது, கிழட்டுப்புலியின் முறை காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது. பாய் அதைத் தொட்டிருக்கவில்லை.

"இதை எப்படி நகர்த்தறது தம்பி?"

பிரவீன்ராஜ் பக்கத்தில் வந்து மண்டியிட்டான். "டாங்கி மேல விரலை வெச்சு இழுங்கக்கா. எங்க போகணுமோ அங்க விடுங்க."

"சாமியோட தெற்குத் துறைமுகம் எது?"

அவன் காட்டினான். அவள் டாங்கியை இழுத்துக்கொண்டு போய் அங்கே விட்டாள். கட்டம் நிறம் மாறியது. பிறகு ஓரத்துப் பெட்டியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். ஏகாதசி போனஸ்.

பாலக்கரையில் ஒரு போன் அதிர்ந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் எழுதுவதும் அழிப்பதுமாக வெகுநேரம் இழுத்தது. கடைசியில் பிரிகேடியரிடமிருந்து வந்தது.

"துறைமுகம் உங்களுதுதான் தங்கச்சி. என்னை மன்னிச்சிடும்மா."

வள்ளிக்கண்ணு இரண்டு தடவை படித்தாள். இடது கை தாலிக்கயிற்றைப் பிடித்திருந்தது. வலது கையால் எழுதினாள். அவசரமே படவில்லை.

"நாளைக்குக் காரியத்துக்கு வாங்க. நடந்ததை எங்க அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க. இப்ப ஆடுங்கண்ணே. உங்க டர்ன் போயிடும்."

யமுனா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் இது முதல் தடவை.

திரையில் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிரிகேடியரின் கப்பல் ஒரு கட்டம் நகர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு வள்ளிக்கண்ணு டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். வாசலில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அழ ஆரம்பித்தாள்.